டைவர்ஸுக்கு அப்புறம் பிள்ளையோட காலேஜ் செலவு: யார் எவ்வளவு, எதுக்கு, எப்போ

எங்க டைவர்ஸ் பேப்பர்ல காலேஜ் பத்தி ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு. "குழந்தையின் உயர்கல்விச் செலவை இரு தரப்பினரும் பகிர்ந்துகொள்வர்." பையனுக்கு அப்ப ஆறு வயசு, எப்படா கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வருவோம்னு ரெண்டு பேருக்குமே இருந்துச்சு, அந்த வரியப் படிச்சோம், தலையாட்டினோம், போயிட்டோம். பன்னெண்டு வருஷம் கழிச்சு அட்மிஷன் லெட்டர் கைக்கு வந்தப்பதான் உறைச்சுது, அந்த வரி எதையுமே சொல்லல. பகிர்ந்துக்கறதுன்னா பாதிக்குப் பாதியா? ஃபீஸ் மட்டுமா, ஹாஸ்டலும் சேர்த்தா? லேப்டாப் படிப்புச் செலவா, இல்ல அப்பா ஆசைப்பட்டு வாங்கிக் குடுக்கற பரிசா?

இப்பதான் இதுல கால் வைக்கறவங்களுக்காக எழுதறேன். நான் வக்கீல் இல்ல, அடிபட்டுக் கத்துக்கிட்டவ, அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், சண்டை சதவீதத்துல வராது. சதவீதத்த ஒரு மணி நேரத்துல பேசி முடிச்சிரலாம். எது செலவு, எது வரைக்கும், யார் முதல்ல கட்டறது, இந்த மூணுலதான் எல்லாம் வந்து நிக்கும்.

முதல்ல பேப்பர எடுத்துப் படிங்க

தீர்ப்பு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், நடுவுல மீடியேஷன்ல எழுதினது ஏதாவது இருந்தா அது, எல்லாத்தையும் எடுத்து வைங்க. கையில இல்லன்னா கோர்ட்ல சர்டிஃபைட் காப்பிக்கு அப்ளை பண்ணுங்க, நாள் ஆகும், அதனால அட்மிஷன் நேரத்துல ஓடாதீங்க. படிக்கும்போது மூணு விஷயம் தேடுங்க. "கல்வி"ன்னு போட்டிருக்கா, "உயர்கல்வி"ன்னு போட்டிருக்கா, வெறும் பராமரிப்புன்னு மட்டும் இருக்கா? எந்த வயசுல முடியுதுன்னு இருக்கா? அப்புறம் மாசாமாசம் வர்ற பணத்துக்குள்ளயே படிப்பும் அடங்கும்னு எங்கயாவது எழுதியிருக்கா? இந்தக் கடைசி வரிய பல பேர் கவனிக்கறதே இல்ல. "அதான் மாசம் தர்றேனே, தனியா எதுக்கு"ன்னு எதிர்ல இருக்கறவர் சொல்றதுக்கு அந்த ஒரு வரி போதும்.

18 ஆனா முடிஞ்சுதா?

இது நீங்க எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கீழ இருக்கீங்கங்கறதப் பொறுத்தது. யாரோ சொந்தக்காரர் வேற நாட்ல இருந்துக்கிட்டு "எங்க ஊர்ல கோர்ட் வாங்கிக் குடுத்துச்சு"ன்னு சொன்னா அத நம்பி இறங்காதீங்க, ஏன்னா இதுல நாட்டுக்கு நாடு ஏணி வச்சாலும் எட்டாத வித்தியாசம்.

இந்தியாவுல, 1956ம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்துல பராமரிப்புங்கற வார்த்தைக்குள்ள சாப்பாடு, துணி, தங்க இடம் மாதிரி படிப்பும் சேர்ந்தேதான் வருது. ஆனா பிள்ளை மைனரா இருக்கற வரைக்கும்தான் கேக்க முடியும், தன்னால சமாளிக்க முடியாத கல்யாணமாகாத பொண்ணுக்கு அதுக்கு மேலயும் உண்டு. அப்ப பையனுக்கு? அங்கதான் ஓட்டை. சரியா காலேஜ் சேர்ற நேரத்துல அவன் மேஜர் ஆயிடறான். 2021ல சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல 18 வயசோட நிறுத்தினா போதாது, இந்தக் காலத்துல டிகிரி வரைக்கும் படிச்சாத்தான் அடிப்படைப் படிப்புன்னு சொல்லி, பையன் டிகிரி முடிக்கற வரைக்கும் அப்பா குடுக்கணும்னு சொல்லுச்சு. 2025 ஜனவரியில இன்னொரு வழக்குல, படிப்புச் செலவ அப்பா அம்மா கிட்ட கேட்டு வாங்கறது பொண்ணோட சட்டப்படியான உரிமைன்னு சொல்லுச்சு. அதுல அந்தப் பொண்ணே அப்பா குடுத்த 43 லட்சத்த வாங்க மாட்டேன்னு நின்னுச்சுங்கறது தனிக் கதை. 2020ல வந்த ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பும் தெரிஞ்சு வச்சுக்கோங்க: பிள்ளைங்க படிப்புச் செலவு பொதுவா அப்பாவோடது, அம்மாவும் நல்லா சம்பாதிச்சா வருமான விகிதப்படி பிரிச்சுக்கலாம்னு அதுல இருக்கு. ரெண்டு பேரும் சொத்து, கடன், வருமானம் எல்லாத்தையும் அஃபிடவிட்ல எழுதிக் குடுக்கணும்ங்கற வழக்கத்த நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கினதும் அந்தத் தீர்ப்புதான். வருமானத்த மறைக்கறவங்க கிட்ட மாட்டிக்கிட்டவங்களுக்கு அது பெரிய உதவி.

அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் வேற. நியூஜெர்சியில 1982 நியூபர்க் - அரிகோ வழக்குல இருந்து கோர்ட் காலேஜ் செலவக் கட்டச் சொல்லலாம், அதுக்குப் பன்னெண்டு விஷயத்தப் பாக்கும், அதுல பிள்ளைக்கும் அந்தப் பெற்றவருக்கும் உறவு எப்படி இருக்குங்கறதும் ஒண்ணு. இல்லினாய்ல சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க, சாதாரணமா 23வது பிறந்தநாள் வரைக்கும், சி கிரேடுக்குக் கீழ போகக்கூடாது, ஃபீஸுக்கு அந்த மாநில யுனிவர்சிட்டியோட அர்பானா ஷாம்பெய்ன் வளாகத்து ஃபீஸ்தான் உச்சவரம்பு. நியூஜெர்சிக்குப் பக்கத்துல இருக்கற பென்சில்வேனியாவுல நேர் எதிர், பிரிஞ்ச பெற்றோரக் காலேஜ் செலவக் கட்டச் சொல்ற சட்டத்தையே 1995ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு தள்ளிருச்சு, சேர்ந்து வாழற பெற்றோருக்கு இல்லாத கட்டாயம் பிரிஞ்சவங்களுக்கு மட்டும் எதுக்குங்கறது அவங்க கேள்வி. அந்த மாதிரி மாநிலத்துல நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான் உங்களுக்குச் சட்டம். எழுதலன்னா ஒண்ணுமில்ல.

கனடாவுல படிப்பு முடியாததால சொந்தக் கால்ல நிக்க முடியாத பிள்ளை 18 தாண்டினாலும் பராமரிப்புக்குள்ள வரலாம், காலேஜ் செலவு தனிச் செலவா எடுத்து, பிள்ளை போடற பங்கக் கழிச்சு, மிச்சத்த வருமான விகிதப்படி பிரிப்பாங்க. இங்கிலாந்துல அரசாங்கம் கணக்குப் போடற பராமரிப்பு யுனிவர்சிட்டி வரைக்கும் வராது, அதுக்கு மேல வேணும்னா பெற்றோர் கோர்ட் ஆர்டர் வாங்கி வச்சிருக்கணும், இல்லன்னா பிள்ளையே நேரா கோர்ட்டுக்குப் போய்க் கேக்கலாம். ஜெர்மனியில வேலைக்குத் தகுதி தர்ற முதல் படிப்பு (யுனிவர்சிட்டி டிகிரியும் இதுல சேரும்) முடியற வரைக்கும் பெற்றோர் பொறுப்பு, 18க்கு அப்புறம் ரெண்டு பேரும் வருமானத்துக்குத் தக்கபடி பணமா குடுக்கணும்.

ஒரு வக்கீல் கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்து உக்காந்து, "என் நிலைமையில 18க்கு அப்புறம் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கா, இல்ல எங்க ஒப்பந்தம்தான் எல்லாமா?"ன்னு இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிட்டு வாங்க. பேச்சுவார்த்தையில நீங்க எந்த இடத்துல நிக்கறீங்கன்னு அது சொல்லிடும்.

எது செலவுன்னு பட்டியல் போடறது

இதுக்கு நேரம் செலவு பண்ணுங்க, எவ்வளவு சின்னதா இருந்தாலும் எழுதுங்க. டியூஷன் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ், லேப் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், புக்ஸ் இதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஞாபகம் வராதது எது தெரியுமா? சேர்றதுக்கு முன்னாடியே வர்ற செலவு. என்ட்ரன்ஸ் கோச்சிங், ஒவ்வொரு காலேஜுக்கும் அப்ளிகேஷன் ஃபீஸ், கவுன்சலிங்குக்குப் போய்ட்டு வர்ற டிக்கெட், சீட்ட பிடிச்சு வைக்கக் கட்டற டெபாசிட். டெபாசிட் திரும்பி வந்தா யாருக்குப் போகணும்னு கூட எழுதணும், சிரிக்காதீங்க, அதுக்குக் கூட மாசக்கணக்குல பேசாம இருந்தவங்கள எனக்குத் தெரியும். அப்புறம் லேப்டாப், ஃபோன் பில், லீவுக்கு வீட்டுக்கு வந்து போற செலவு, ஹெல்த் இன்ஷூரன்ஸ், வெளிநாடுன்னா விசா, வெளியூர்ல இன்டர்ன்ஷிப் பண்ணும்போது தங்கற வாடகை. லீவுல பிள்ளை உங்க வீட்ல ரெண்டு மாசம் இருந்தா அந்தச் சாப்பாட்டுச் செலவு யாரோடது? ஹாஸ்டல்ல இருக்கற மாசத்துலயும் பழைய மாதாந்திரப் பணம் அப்படியே வரணுமா, குறையணுமா? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஒரு பக்கம் ஒரே சாப்பாட்டுக்கு ரெண்டு தடவ குடுக்கறேன்னு தோணும், இன்னொரு பக்கம் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போயிட்டான்னு நான் இருக்கற வீட்டு வாடகை குறையலையேன்னு தோணும். பாதியாக் குறைச்சுக்கறதுன்னு சில பேர் முடிச்சுக்கறாங்க, எனக்கு அது சரியாத்தான் படுது.

மூணு கட்டம் போடுங்க. கட்டாயம் பகிர்ந்துக்கறது, முன்கூட்டிக் கேட்டு ஒத்துக்கிட்டா மட்டும் பகிர்ந்துக்கறது, அவங்கவங்க இஷ்டத்துக்குப் பண்றது. மூணாவதுல பைக் வரும். பைக்க ரெண்டாவது கட்டத்துல போட்டீங்கன்னா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அனுபவிப்பீங்க.

விகிதம்

முதல்ல மொத்தத்துல இருந்து ஸ்காலர்ஷிப்பையும் பிள்ளையோட பங்கையும் கழிங்க, அப்புறம்தான் பிரிக்கணும். வருஷச் செலவு 5 லட்சம், ஸ்காலர்ஷிப் 1 லட்சம், பிள்ளை பார்ட் டைம் வேலையில 50 ஆயிரம் போடறான்னா மிச்சம் 3.5 லட்சம். கைக்கு வர்ற மாச வருமானம் ஒருத்தருக்கு 60 ஆயிரம், இன்னொருத்தருக்கு 40 ஆயிரம்னா 60க்கு 40, அதாவது 2.1 லட்சம், 1.4 லட்சம். இதுதான் எல்லாரும் போடற கணக்கு.

ஆனா சம்பளம் கம்மியா இருக்கறவங்க இன்னொரு மாதிரியும் போட்டுப் பாருங்க. ரெண்டு பேருக்குமே உயிர் வாழ 20 ஆயிரம் வேணும்னு வச்சு அத முதல்ல கழிச்சா 40க்கு 20, மூணுல ரெண்டு பங்கு, ஒரு பங்கு. அப்ப 1.4 லட்சம் கட்ட வேண்டியவர் சுமார் 1.17 லட்சம் கட்டினா போதும். ரெண்டுமே நேர்மையான கணக்குதான், எதுன்னு முன்னாடியே பேசி வைங்க.

ஒவ்வொரு வருஷமும் ஒரு தேதிய வச்சு, வருமான வரி ரிட்டர்ன் காப்பிய மாத்திக்கிட்டு விகிதத்தப் புதுசாப் போடறது நல்லது. வேலை போயிடும், புது வேலை கிடைக்கும், ஒருத்தர் மறுகல்யாணம் பண்ணிப்பாங்க. புதுசா வந்த கணவர், மனைவி வருமானத்தக் கணக்குல சேர்க்கறதா இல்லையாங்கறதையும் எழுதிடுங்க, சேர்க்கக் கூடாதுங்கறது என் கட்சி.

லோன ஸ்காலர்ஷிப் மாதிரி கழிக்காதீங்க. லோன்னா யாரோ ஒருத்தர் பின்னாடி கட்டப்போற பணம்தான். பிள்ளை பேர்ல லோன் போட்டு, கூடக் கையெழுத்து அம்மா மட்டும் போட்டா, தவணை தவறும்போது பேங்க் அம்மாவத்தான் கூப்பிடும். அப்பாவும் பாதி கட்டறேன்னு ஒத்துக்கிட்ட பேப்பர் பேங்குக்குத் தேவையே இல்ல. அதனால முடிஞ்சா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, இல்லன்னா தவணையில யாருக்கு எவ்வளவுன்னு உங்களுக்குள்ள தனியா எழுதிக்கோங்க.

எந்தக் காலேஜ், எத்தன வருஷம்

அப்பா பணம் கட்டணும், ஆனா எங்க சேர்றதுன்னு அப்பாவுக்கு யாரும் சொல்லலன்னா அவர் கோவப்படறதுல தப்பு இல்ல. கேக்கணும். ஆனா கேக்கறது வேற, வேண்டாம்னு சொல்ற அதிகாரம் குடுக்கறது வேற. வேண்டாம்னு சொல்லலாம்னு எழுதிட்டா, பணம் கட்டப் பிடிக்காதவர் எந்தக் காலேஜையும் வேண்டாம்னே சொல்லுவார். அதுக்குப் பதிலா உச்சவரம்பு வைங்க. நீங்க இருக்கற இடத்துல ஒரு அரசுக் காலேஜ் இல்ல யுனிவர்சிட்டிய எடுத்து, அங்க அதே படிப்புக்கு ஆகற செலவு வரைக்கும் ரெண்டு பேரும் பகிர்ந்துக்கறது, அதுக்கு மேல போற காலேஜ்தான் வேணும்னா யார் ஆசைப்படறாங்களோ அவங்க மேல வர்ற பணத்தக் கட்டறதுன்னு வச்சா சண்டை பாதியாக் குறையும். தொகையா எழுதாதீங்க, பத்து வருஷத்துக்கு முன்னாடி எழுதின தொகை இன்னிக்கு மெஸ் பில்லுக்குக் கூடக் காணாது.

வருஷக் கணக்கையும் எழுதுங்க. நாலு வருஷப் படிப்பு அரியரால அஞ்சாவது வருஷம் இழுத்தா? நடுவுல படிப்ப மாத்தினா? ஒரு வருஷம் கேப் விட்டா? முதுகலை உண்டா? டாக்டர் படிப்புன்னா கணக்கே வேற. ஒரு தடவ படிப்ப மாத்தலாம், ஒரு வருஷம் கூடுதலா இழுக்கலாம், அதுக்கு மேல பிள்ளையோட பொறுப்புன்னு வைக்கறது கொஞ்சம் கனிவாவும் இருக்கும், கறாராவும் இருக்கும்.

சேத்து வச்ச பணம் யார் பேர்ல இருக்கு

சேர்ந்து வாழ்ந்தப்ப பிள்ளை படிப்புக்குன்னு போட்டது டைவர்ஸ் ஆன பின்னாடி யார் கையில இருக்குன்னு பாருங்க. அமெரிக்காவுல பிள்ளை படிப்புக்குன்னு சேக்கற 529 பிளான்ல அக்கவுண்ட் ஓனர்தான் ராஜா, அவர் நெனச்சா பயனாளியையே மாத்திடலாம். இந்தியாவுல செல்வமகள் சேமிப்புல பொண்ணுக்கு 18 வயசு ஆகற வரைக்கும் கார்டியன்தான் கணக்க நடத்துவார், மேல்படிப்புக்கு முந்தின நிதியாண்டு முடிவுல இருந்த இருப்புல பாதி வரைக்கும் எடுக்கலாம். ஃபிக்சட் டெபாசிட், இன்ஷூரன்ஸ் பாலிசி எல்லாத்துக்கும் நம்பரோட எழுதி, இது படிப்புக்குத்தான், எடுத்தா இன்னொருத்தருக்குச் சொல்லணும், வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்டேட்மென்ட் அனுப்பணும்னு போடுங்க. அந்தப் பணம் முதல்ல மொத்தச் செலவுல கழியுமா, இல்ல வச்சிருக்கறவரோட பங்கா கழியுமாங்கறதும் முக்கியம். சேர்ந்து போட்ட பணத்த ஒருத்தர் "என் பங்கு"ன்னு கட்டறது நடக்கற கதைதான். இன்னொண்ணு, கட்ட வேண்டியவர் நடுவுல இறந்துட்டா என்ன பண்றதுங்கற கேள்வி. கேக்கவே கஷ்டமா இருக்கும், ஆனா படிப்பு முடியற வரைக்கும் பிள்ளைக்காக ஒரு டெர்ம் இன்ஷூரன்ஸ் போட்டு வைக்கறதுன்னு ஒரு வரி சேர்த்துட்டா முடிஞ்சுது.

உதவித்தொகை ஃபார்ம்ல யார் வருமானம்

இது பல பேருக்குத் தெரியாம காசு விடற இடம். அமெரிக்காவுல ஃபாஃப்சாங்கற, அரசாங்கப் படிப்பு உதவிக்கு அப்ளை பண்ற ஃபார்ம்ல முன்னாடி பிள்ளை யார் கூட அதிக நாள் இருந்துச்சோ அவங்க வருமானத்தக் கேட்டாங்க. 2024-25ல இருந்து மாறிருச்சு, கடந்த பன்னெண்டு மாசத்துல யார் அதிகமா பணம் போட்டுப் பிள்ளையப் பாத்துக்கிட்டாங்களோ அவங்களோடது, அவங்க மறுகல்யாணம் பண்ணியிருந்தா அந்தத் துணையோட வருமானமும் சேரும். சில தனியார் காலேஜ்கள் தங்களோட உதவித்தொகைக்குக் கேக்கற சிஎஸ்எஸ் புரொஃபைல்ங்கற ஃபார்ம்ல மத்த பெற்றவரோட விவரமும் தனியா கேப்பாங்க, அவர் தர மாட்டேன்னு உக்காந்துட்டா பிள்ளைக்குத்தான் நஷ்டம். இங்கிலாந்துல பிள்ளை யார் கூட இருக்கோ அவங்க வீட்டு வருமானத்தப் பாப்பாங்க. ஃபார்ம் கேட்டா இத்தன நாள்ல ஆவணம் குடுக்கணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி வச்சுருங்க, சும்மா கிடக்கட்டும்.

பணம் எப்படிப் போகணும்

முடிஞ்ச வரைக்கும் ரெண்டு பேரும் அவங்கவங்க பங்க நேரா காலேஜுக்கே கட்டுங்க. ஒருத்தர் முழுசாக் கட்டிட்டு மத்தவர் கிட்ட வாங்கிக்கறதுங்கற ஏற்பாட்டுல, கட்டினவர் கடன் குடுத்தவர் ஆயிடறார், வாங்கப்போற ஒவ்வொரு தடவையும் பழைய கணக்கெல்லாம் எந்திரிச்சு வந்து நிக்கும். அப்படித்தான் பண்ண முடியும்னா, ரசீது அனுப்பி 15 நாள்ல பணம் வரணும், ரசீத 30 நாளுக்குள்ள அனுப்பணும்னு ரெண்டு பக்கமும் கெடு வைங்க. ரெண்டு வருஷ ரசீத மொத்தமா மூட்டை கட்டி அனுப்பி "குடு"ன்னு கேக்கறதும் அநியாயம்தான், அத நானே பண்ணியிருக்கேன்.

செய்தி மெயில்ல போகட்டும், ஃபோன்ல வேண்டாம். நான் அனுப்பறது இவ்வளவுதான்: "வணக்கம். மூணாவது செமஸ்டர் ஃபீஸ் டிமாண்ட் இணைச்சிருக்கேன். கடைசித் தேதி 20. உங்க பங்கு 60 சதவீதம், தொகை கீழ இருக்கு, காலேஜ் அக்கவுண்ட் விவரமும் இருக்கு. கட்டிட்டு ரசீது அனுப்பிருங்க. மார்க் லிஸ்ட் அவனே அனுப்புவான்." ஏன் லேட், போன தடவ என்ன ஆச்சு, உங்கம்மா என்ன சொன்னாங்க, எதுவும் கிடையாது. எழுதணும்னு கை துடிக்கும். எழுதி டிராஃப்ட்ல போட்டுட்டுப் போய்த் தூங்குங்க.

பிள்ளைய வசூலுக்கு அனுப்பாதீங்க. "அப்பா கிட்ட ஃபீஸ் கேளு"ன்னு நான் ஒரு தடவ சொன்னேன், அவன் கேக்கல, ஃப்ரெண்டு கிட்ட கடன் வாங்கிக் கட்டியிருக்கான், அடுத்த செமஸ்டர்லதான் எனக்கே தெரிஞ்சுது. ஆனா மார்க் அனுப்பறது, ஃபீஸ் நோட்டீஸ் வந்த அன்னிக்கே ரெண்டு பேருக்கும் ஃபார்வர்ட் பண்றது, இது பிள்ளையோட வேலை. காலேஜ்ல சேர்ந்துட்டா பல நாடுகள்ல மார்க் விவரம் பிள்ளையோட சொத்து, அமெரிக்காவுல 1974ல வந்த ஃபெர்பா சட்டப்படி பெரும்பாலும் பிள்ளை சம்மதிச்சாத்தான் காலேஜ் பெற்றோருக்குக் காட்டும், அதனால பணம் கட்டறவருக்கு மார்க் பாக்கற வழிய நீங்களே பேசி வச்சுக்கணும்.

கட்டலன்னா

அட்மிஷன் போகாம முதல்ல சீட்டக் காப்பாத்துங்க, முடிஞ்சா நீங்க கட்டிருங்க, ஆனா "என் பங்குக்கு மேல கட்டறேன், திரும்பத் தரணும்"னு அன்னிக்கே மெயில் போட்டுட்டுக் கட்டுங்க. அப்புறம் மீடியேஷன். அதுக்கும் மசியலன்னா, கோர்ட் ஆர்டர்ல இருக்கறதா இருந்தா அத நிறைவேத்தச் சொல்லி மனு, வெறும் ஒப்பந்தம்னா வேற மாதிரி வழக்கு. இதுக்காகத்தான் ஒப்பந்தத்த தீர்ப்போட ஒரு பகுதியா சேர்க்கச் சொல்லி ஆரம்பத்துலயே கேக்கணும்னு சொல்றாங்க. அவருக்கு நிஜமாவே வேலை போயிருந்தா, தொகையக் குறைக்கச் சொல்லி அவர்தான் கோர்ட்டுக்குப் போகணும், சும்மா நிறுத்திக்க முடியாது. இது உங்களுக்கும் பொருந்தும்.

பிள்ளை இன்னும் சின்னதுன்னா, இல்ல பழைய பேப்பர்ல எங்கள மாதிரி ஒரே வரிதான் இருக்குன்னா, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு இப்பவே ஒரு திருத்தம் எழுதலாம். எங்களோடது கடைசியில இப்படி வந்துச்சு, உங்க வக்கீல் கிட்ட காட்டி மாத்திக்கோங்க:

"முதல் பட்டப்படிப்புக்கு, அதிகபட்சம் ஐந்து கல்வியாண்டுகளுக்கு, கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், மருத்துவக் காப்பீடு, வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்து போகும் செலவு, படிப்புக் காலத்தில் ஒரு லேப்டாப் ஆகியவற்றை, உதவித்தொகையைக் கழித்த பின், ஒவ்வொரு ஜூன் மாதமும் கணக்கிடும் வருமான விகிதப்படி இருவரும் கல்லூரிக்கு நேரடியாகச் செலுத்த வேண்டும். மற்ற செலவுகளுக்கு எழுத்து மூலம் முன் சம்மதம் தேவை."

அதுல 'ஒரு லேப்டாப்'னு இருக்கு பாருங்க, அந்த 'ஒரு'ங்கற வார்த்தைக்கு மட்டும் எங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு.